ஜூம் லென்சா? ஒரே அளவு லென்சா?

வீட்டில் காமிரா வாங்கியாகி விட்டது. கூடவே ஒரு லென்சும் வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து மகன் வந்து நிற்கிறான். "அப்பா, இன்னொரு லென்ஸ் வேண்டும்" என்கிறான்.

தந்தைக்குத் திகைப்பு. "இதில்தான் லென்ஸ் இருக்கிறதே! இன்னொன்று எதற்கு?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. லென்சின் விலை சில சமயம் காமிராவின் விலையையே மிஞ்சி விடும். கடன் வாங்கி லென்ஸ் வாங்கிவிட்டு, அதைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டே இருக்கும்!

கடைக்குப் போனால் இரண்டு வகை லென்சை எடுத்து வைப்பார்கள். ஒன்று "ஜூம்" லென்ஸ். மற்றொன்று "பிரைம்" லென்ஸ். அதாவது, ஒரே அளவு லென்ஸ். இரண்டில் குடும்பத்துக்கு ஏற்றது எது?

பதிலை முதலிலேயே சொல்லி விடலாம். காமிராவுடன் வந்த சிறிய ஜூம் லென்ஸ் இருக்கட்டும். அதற்கு மேல் காசு போடுவதானால், பெரிய ஜூம் வாங்க வேண்டாம். சிறிய பிரைம் லென்ஸ் ஒன்று வாங்குவதே மேல். படம் எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவருடைய கதை வேறு.

லென்சில் உள்ள எண்

லென்சின் விளிம்பில் சில எண்கள் எழுதி இருக்கும். காமிராவுடன் வரும் லென்சில் பெரும்பாலும் "18-55" என்று இருக்கும். இது மில்லி மீட்டர் கணக்கு. எண் சிறியதானால் படத்தில் அடங்கும் இடம் அகலமாக இருக்கும். எண் பெரியதானால், தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்தது போலத் தெரியும்.

இரண்டு எண் இருந்தால் அது ஜூம். வளையத்தைத் திருகினால் போதும். நின்ற இடத்திலேயே காட்சி விரியும். அல்லது நெருங்கி வரும்.

ஒரே ஒரு எண் இருந்தால் அது பிரைம். 35 என்றால் என்றும் 35தான். 50 என்றால் என்றும் 50தான். காட்சி நெருங்கி வர வேண்டுமானால், படம் எடுப்பவர்தான் நடந்து போக வேண்டும்.

செல்போனில் இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறோமே, அது ஜூம் லென்ஸ் அல்ல. பெரும்பாலான போன்களில் உள்ளவை ஒரே அளவு லென்சுகளே. இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால், போன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். அதற்கு மேல் இழுத்தால், படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் காட்டும். வேட்டியின் மூலையைக் கிழித்து அதையே முழு வேட்டி என்று விரித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

விளக்கு வெளிச்சத்தில் பாட்டி

பிரைம் லென்ஸ் வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் வெளிச்சம்.

லென்சுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது. வீட்டு ஜன்னல் போல. ஜன்னலை அகலத் திறந்தால் அறைக்குள் வெளிச்சம் நிறைய வரும். ஒருக்களித்து வைத்தால் குறையும். இந்தத் துவாரத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை "எஃப்" எண் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை. எண் சிறியதானால் துவாரம் பெரியது! புதிதாகக் காமிரா பிடிப்பவர்கள் எல்லோரும் இதில் ஒரு தடவையாவது குழம்புவார்கள்.

காமிராவுடன் வரும் ஜூம் லென்சை 55-க்குத் திருகினால், துவாரத்தை எஃப் 5.6 வரைதான் திறக்க முடியும். விலை குறைந்த பிரைம் லென்சையோ எஃப் 1.8 வரை திறக்கலாம். கணக்குப் போட்டால், பிரைம் லென்சில் ஏறத்தாழ 10 மடங்கு அதிக வெளிச்சம் உள்ளே வரும்.

10 மடங்கு என்பது சின்ன விஷயம் அல்ல. கார்த்திகை தீபத்தன்று, வாசலில் பாட்டி அகல் ஏற்றுகிறார். பக்கத்தில் பேத்தி துள்ளிக்கொண்டு இருக்கிறாள். பிரைம் லென்ஸ், வினாடியில் 125-ல் ஒரு பங்கு நேரத்தில் அந்தப் படத்தை எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே படத்துக்கு ஜூம் லென்ஸ், வினாடியில் 13-ல் ஒரு பங்கு நேரம் கேட்கும். அதற்குள் பேத்தி தலையைத் திருப்பி விடுவாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல்தான் இருக்கும்.

"ஜூம் லென்சில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே!" என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் அது தடுப்பது, படம் எடுப்பவரின் கை நடுக்கத்தை. பேத்தியின் துள்ளலை அது தடுக்காது.

"பிளாஷ் போடலாமே!" என்பார் இன்னொருவர். போடலாம். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் அடிக்கும். அகல் விளக்கின் மஞ்சள் ஒளி அந்த வெள்ளையில் அமுங்கிப் போகும். பாட்டியின் முகம், அடையாள அட்டைக்கு எடுத்த படம் போல ஆகி விடும்.

காமிராவின் உணர்ச்சியைக் கூட்டுவது மூன்றாவது வழி. ஐ.எஸ்.ஓ. என்பார்களே, அதுதான். இன்றைய காமிராக்கள் இதில் நன்றாகத் தேறி இருக்கின்றன. ஆயினும் அளவு மீறிக் கூட்டினால், படத்தில் மணல் தூவியது போல் இருக்கும்.

வீட்டில் நடக்கும் நல்ல காரியங்களில் பாதி, விளக்கு வைத்த பிறகுதான் நடக்கிறது. பிறந்த நாள், கொலு, வளைகாப்பு முடிந்த மாலைப் பேச்சு, எல்லாம் அப்படியே. பாட்டி அடுத்த கார்த்திகைக்கும் அகல் ஏற்றுவார் என்று யார் சொல்ல முடியும்? அந்த ஒரு படத்துக்காகவே பிரைம் லென்சுக்குப் பணம் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1.8 வரை திறக்கலாம் என்றதும், சிலர் எப்போதும் அப்படியே திறந்து வைத்து விடுகிறார்கள். 50 மில்லி மீட்டர் லென்சில், 6 அடி தூரத்தில், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 அங்குலம்தான். ஒரு சாண்கூட இல்லை! முன் வரிசையில் மாமா தெளிவாக இருப்பார். பின் வரிசையில் அத்தை மங்கி இருப்பார். பிறகு அத்தைக்கு யார் பதில் சொல்வது? குடும்பமாக நிற்க வைத்து எடுக்கும்போது துவாரத்தைச் சுருக்கி, எஃப் 8 பக்கம் வைக்க வேண்டும்.

திருவண்ணாமலைக்கு வந்தவர்

பிரான்சு நாட்டில் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் என்று ஒருவர் இருந்தார். 1908-ல் பிறந்து, 2004-ல் மறைந்தவர். புகைப்பட உலகில் அவர் பெயரைக் கேட்டால் இன்றும் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அவர் கையில் இருந்தது "லைக்கா" என்ற சிறிய ஜெர்மன் காமிரா. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு லென்ஸ்தான். 50 மில்லி மீட்டர் பிரைம். காமிராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து விடுவார். யார் கண்ணையும் உறுத்தாமல் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார். பிளாஷ் போட மாட்டார்.

1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, டெல்லியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்று மாலையே காந்தியடிகள் சுடப்பட்டார். இரவில் பிர்லா மாளிகை வாசலில் நின்று, பிரதமர் நேரு அந்தச் செய்தியை மக்களுக்குச் சொன்னார். அந்தக் காட்சியைப் பிரெஸ்ஸான் படம் எடுத்தார். இருந்தது விளக்கு வெளிச்சம் மட்டுமே. படம் துல்லியமானது அல்ல. கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரவின் துக்கம் அதில் இருக்கிறது.

1950-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள் அவை. ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8.47 மணிக்கு மகரிஷி மறைந்தார். அப்போது வானத்தில் ஓர் எரிநட்சத்திரம் சென்றதைப் பிரெஸ்ஸானும் கண்டதாகச் சொல்லி இருக்கிறார். எரிநட்சத்திரத்தைப் பிடிக்க, லென்ஸ் மாற்ற நேரம் ஏது!

ஒரே லென்சைப் பல வருடம் வைத்துப் பழகியவருக்கு ஒரு லாபம் உண்டு. எங்கே நின்றால் எவ்வளவு அடங்கும் என்பது காமிராவைத் தூக்கும் முன்பே தெரிந்து விடும். சமையல்காரர் உப்பை அளந்தா போடுகிறார்? கை அறியும். அது போல, கால் அறியும்.

"அந்தக் காலத்தில் ஜூம் லென்சே இல்லையே! இல்லாததை அவர் எப்படி வாங்குவார்?" என்று ஒருவர் மடக்கலாம். நல்ல மடக்கு. சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் ஜூம் லென்ஸ் முன்பே வந்து விட்டது. ஆனால் இந்த வகைச் சிறிய காமிராவுக்கு, 1959-ம் ஆண்டில்தான் வந்தது. அதன் பெயர் "ஜூமார்". 36 முதல் 82 மில்லி மீட்டர் வரை திருகலாம். ஃபிராங்க் பேக் என்பவர் அமைத்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பிரெஸ்ஸான் படம் எடுத்தார். ஆனாலும் தம் 50-ஐ விடவில்லை.

அந்த நாள் ஜூம் லென்சுகள் சுமார்தான். நிக்கான் நிறுவனம் 1963-ல் விற்ற 43-86 ஜூம், படம் தெளிவாக விழாததற்கே பேர் வாங்கியது. இன்று அந்தக் குறை இல்லை. நல்ல ஜூம் லென்சில் எடுத்த படத்தையும் பிரைமில் எடுத்த படத்தையும் சுவரில் மாட்டினால், வீட்டுக்கு வருபவருக்கு வித்தியாசம் தெரியாது. "பிரைம்தான் தெளிவு" என்று இன்னும் பழைய பாட்டுப் பாடுபவர்களை நம்பிப் பணம் போட வேண்டாம்.

மிஞ்சி நிற்பது கனமும் விலையும்தான். கேனான் நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த 50 மில்லி மீட்டர் பிரைம் ஒன்றில் 6 கண்ணாடிகள். எடை 160 கிராம். அதே நிறுவனத்தின் உயர் ரக 24-70 ஜூம் ஒன்றில் 18 கண்ணாடிகள். எடை 805 கிராம்! அத்தனை கண்ணாடியையும் தேய்த்து, சரியான இடத்தில் பொருத்தி, நகரவும் வைக்க வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்? 2013-ல் சிக்மா நிறுவனம் எஃப் 1.8 வரை திறக்கும் ஜூம் லென்சையே செய்து காட்டி விட்டது. அதுவும் 810 கிராம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போகும் தாய், இதையும் கழுத்தில் மாட்டிக்கொள்வாரா?

நடப்பதும் திருகுவதும் ஒன்றல்ல

பிரைம் கட்சிக்காரர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். "கால்தான் ஜூம். நாலு அடி நடந்தால் போதும்" என்பார்கள். இது பாதிதான் உண்மை.

ஒருவர் முகத்தை 1 அடி தூரத்தில் நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கு 1 அடியில் இருக்கிறது. காது ஏறத்தாழ 1½ அடியில் இருக்கிறது. ஆகவே காதோடு ஒப்பிட்டால், மூக்கு ஒன்றரை மடங்கு பெரிதாக விழும். அழகான முகமும் கேலிச்சித்திரம் போல் ஆகும். 6 அடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் மிகவும் குறைந்து விடும். முகம் முகமாக இருக்கும். இதைச் செய்வது லென்ஸ் அல்ல, தூரம்.

ஆகவே, நடந்தால் படமே மாறுகிறது. திருகினால் அளவு மட்டும் மாறுகிறது. முதலில் எங்கே நிற்பது என்று தீர்மானிக்க வேண்டும். பிறகுதான் எவ்வளவு அடங்க வேண்டும் என்ற கேள்வி. ஜூம் வைத்திருப்பவர் இந்த வரிசைப்படி செய்தால் அவரை வெல்ல ஆள் இல்லை. ஆனால் பலர் அப்படிச் செய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே திருகுகிறார்கள். எல்லாப் படமும் நாற்காலி உயரத்தில், நாற்காலி இருந்த இடத்திலிருந்தே விழுகிறது. பிரைம் லென்ஸ் அவர்களை எழுப்பி விடும். பழகுபவருக்கு அது நல்லது.

தாலி கட்டும் நேரம்

இனி, பிழைப்புக்காகப் படம் எடுப்பவரின் கதைக்கு வருவோம்.

கல்யாண மண்டபம். முகூர்த்த நேரம். மணவறையைச் சுற்றி உறவினர்கள். அவர்கள் கையில் எல்லாம் செல்போன். நாதசுரமும் தவிலும் கெட்டி மேளம் கொட்டுகின்றன. மணமகன் குனிந்து தாலி கட்டுகிறார். மூன்று முடிச்சு. சில வினாடிகளில் முடிந்து விடும்.

போட்டோகிராபர் நிற்க ஒரு முழ இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். முன்னே போனால் ஐயர் மடியில் விழ வேண்டும். பின்னே போனால் வீடியோக்காரர் மேல் இடிக்க வேண்டும். இவரிடம் போய், "கால்தான் ஜூம்" என்றால் சிரிப்பார். தாலியின் முடிச்சு வேண்டும். அடுத்த நொடியில், அட்சதை தூவும் கூட்டம் முழுவதும் வேண்டும். அதற்கு அடுத்த நொடியில், கண் கலங்கி நிற்கும் பெண்ணின் தாய் வேண்டும். நின்ற இடத்திலிருந்து மூன்றையும் எடுக்க ஜூம் லென்சால்தான் முடியும்.

தாலி இன்னொரு முறை கட்டப்படாது. அதைத் தவற விட்ட போட்டோகிராபரை அந்த ஊர் மறக்காது. எஃப் 2.8 வரை திறக்கும் கனமான ஜூம் லென்சுக்கு அவர் கடன் வாங்கினால், அது வீண் செலவு அல்ல. உழவருக்கு உழவு மாடு போல. அனுபவப்பட்டவர்கள் இரண்டு காமிரா வைத்திருப்பார்கள். ஒன்றில் ஜூம், மற்றொன்றில் பிரைம். முகூர்த்தத்தின்போது லென்ஸ் மாற்றும் வேலையே கிடையாது.

பள்ளி விளையாட்டு விழாவிலும் இதே நிலைமைதான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போக விட மாட்டார்கள். காட்டு விலங்குகளைப் பற்றியோ சொல்ல வேண்டியதே இல்லை. சென்னையில் வாழ்ந்த இயற்கை ஆர்வலர் மா. கிருஷ்ணன் (1912-1996), காட்டு யானைகளைப் படம் எடுப்பதில் பேர் பெற்றவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்கு, "சூப்பர் பாண்டெரோசா" என்று விளையாட்டாகப் பேர் வைத்திருந்தார். காட்டில் பழக்கிய யானையின் முதுகில் ஏறிப் போய்ப் படம் எடுத்தார். தம் காலுக்குப் பதில் யானையின் கால்! எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்குமா?

50 வேண்டாம், 35 வாங்கலாம்

பிரைம் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் அடுத்து ஒரு தவறு செய்கிறார்கள். பிரெஸ்ஸான் 50 வைத்திருந்தார் என்று கேள்விப்பட்டு, தாங்களும் 50 வாங்கி விடுகிறார்கள்.

அவருடைய காமிராவில் படம் விழுந்த பிலிமின் அகலம் 36 மில்லி மீட்டர். இன்று குடும்பங்கள் வாங்கும் பல காமிராக்களில், படம் விழும் சென்சாரின் அகலம் 24 மில்லி மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜன்னல் சிறுத்துப் போனதால் காட்சியும் குறுகி விடுகிறது. அந்தக் காமிராவில் 50 மாட்டினால், 75 மாட்டியது போல ஆகும்.

வீட்டு அளவில் பார்த்தால் சட்டென்று விளங்கும். நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, 50 லென்ஸ் ஏறத்தாழ 15 அடி தூரம் கேட்கும். 35 லென்சுக்குப் பத்தரை அடி போதும். சாதாரண வீட்டுக் கூடத்தில் 15 அடிக்கு எங்கே போவது? சுவரை இடித்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்! ஆகவே சிறிய சென்சார் காமிராவுக்கு 35 நல்லது. பெரிய சென்சார் உள்ள காமிராவானால் 50 வாங்கலாம்.

பணம் கொடுக்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. வீட்டில் உள்ள ஜூம் லென்சை 35-ல் வைத்து, வளையம் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டி விட வேண்டும். ஒரு மாதம் அப்படியே படம் எடுக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மூன்றாவது வாரமும் எரிச்சலாகவே இருந்தால், பிரைம் லென்ஸ் அந்த வீட்டுக்கு ஒத்து வராது. பணம் மிச்சம்.

பழைய படங்களையும் பார்க்கலாம். எந்த எண்ணில் எடுத்தது என்பது படத்தோடு பதிவாகி இருக்கும். கம்ப்யூட்டரில் திறந்தால் தெரியும். பெரும்பாலான படம் 18-ல் இருந்தால், அந்தக் குடும்பத்துக்குத் தேவை அகலம். 55-ல் இருந்தால் தேவை நெருக்கம். மகன் வாய் சொல்வது ஒன்று, அவன் எடுத்த படங்கள் சொல்வது வேறொன்றாக இருக்கலாம்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. பாதி விலைக்கும் கிடைக்கும். ஒரு டார்ச் விளக்கைப் பின்பக்கமாக அடித்து, உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில், காற்றில் ஈரம் அதிகம் என்பதால், மூடி வைத்த லென்சில் இது சுலபமாகப் பிடிக்கும். விலை எவ்வளவு குறைத்தாலும் அதைத் தொடக் கூடாது.

மகளின் கல்யாணத்துக்கோ, குலதெய்வம் கோவில் திருவிழாவுக்கோ பெரிய ஜூம் லென்ஸ் தேவைப்பட்டால், நகரங்களில் அதை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். இரண்டு நாளைக்கு எடுத்து வந்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து விடலாம்.